இடக்கைக்காரியின் முடிச்சு

பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான். இதை நீங்கள் நம்பாவிட்டாலும் எனக்கு வருத்தமில்லை, உங்கள் இடத்தில் இருந்தால் நானும் நம்பமாட்டேன்.

நானும் பாக்கியமும் வட்டகொடைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தோம். பதினொரு வருஷம் வரிசை வீடுகளாக இருக்கும் லயத்தில் ஒரே காம்பரா, ஒரே அடுப்பு, ஒரே பாய். ஊர் எங்களைக் கூட்டாளிகள் என்றது, நாங்களும் திருத்தவில்லை. அவள்மேல் எனக்கு இருந்தது காதல், இப்போது சொல்ல என்ன வெட்கம். மலைக்கு ஏறியதும் சேலை நனையாமல் இடுப்பில் சுற்றும் படங்குத் துணியின் கயிற்றை அவள் எனக்குப் பின்னால் நின்று கட்டிவிடுவாள், நான் அவளுக்கு. அவள் இடக்கைக்காரி, முடிச்சு எதிர்ப்பக்கமாக விழும். "மூச்சு முட்டுதுடி" என்றால், "அவுந்து விழுந்தா என்னையத்தான் திட்டுவ" என்பாள்.

எங்களுக்குள் ஒரு பேச்சு இருந்தது. குளவிக்கூடு கலைந்தால் ஓடக்கூடாது, இரண்டு பேரும் குப்புறப் படுத்து ஒரே படங்கைப் போர்த்திக்கொள்ள வேண்டும். அன்றைக்குக் குளவி வந்தபோது அவள் படுத்தாள், நான் ஓடினேன். "ஸ்டெல்லா, வந்து படுடி" என்று கத்தியது கேட்டது, கேட்டும் ஓடினேன். எனக்காகப் படங்கை ஒரு பக்கம் தூக்கிப் பிடித்தபடியே இருந்தாளாம், குளவி அந்த வழியாகத்தான் உள்ளே போயிருக்கிறது. ஆஸ்பத்திரி போகும் வழியிலேயே எல்லாம் முடிந்துவிட்டது.

பதினாறாம் நாள் காரியத்துக்குப் போனேன். அவள் அண்ணன் வாசலிலேயே நிறுத்தினார். "நீங்க கூட இருந்தவங்கதானே. இது சொந்தக்காரங்க காரியம், வேலைக்குப் போங்க" என்றார்.

போனேன், வேறு எங்கே போவது. எல்லோரும் முன்னால் போயிருந்தார்கள், நல்ல பனிமூட்டம், என் பக்கத்து நிரை அவளுடையது, காலியாகக் கிடந்தது. பழக்கதோஷத்தில் கயிற்றின் இரண்டு நுனியையும் பின்னால் நீட்டிவிட்டேன். யாரோ வாங்கிக் கட்டினார்கள். "மூச்சு முட்டுது" என்றேன், இன்னும் இறுகியது. திரும்பிப் பார்த்தால் ஒருவரும் இல்லை.

நடுப்பகலில் மறுபடி குளவி கலைந்தது. நானும் மறுபடி ஓடினேன், வெட்கங்கெட்டவள். இரண்டு எட்டு வைப்பதற்குள் முடிச்சைப் பிடித்து யாரோ பின்னால் இழுத்தார்கள், குப்புற விழுந்தேன், எழப் பார்த்தால் முதுகில் ஒரு கை. குளவிகள் என்மேல் ஊர்ந்தன, ஒன்றும் கொட்டவில்லை. ஓடினவர்களில் மூன்று பேரை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போனார்கள்.

சாயங்காலம் பக்கத்துக் காம்பரா சரோஜாதான் கயிற்றை அறுத்தாள். "யாருக்கா இப்புடி எதிர்ப்பக்கமா கட்டுனது?" என்று கேட்டாள். முடிச்சுக்குள்ளே செத்த குளவி ஒன்று, தொட்டால் பொடியாகிற அளவுக்குக் காய்ந்து கிடந்தது. முடிச்சு காலையில் விழுந்தது, குளவி வந்தது நடுப்பகலில்.

விஷயத்தைச் சொன்னதும், "ஒங்களக் காப்பாத்தத்தான் வந்திருக்காங்க" என்றாள் சரோஜா. இருக்கலாம். ஆனால் அவளிடம் சொல்லாத ஒன்று உண்டு. குளவி எல்லாம் போன பிறகும் அந்தக் கை விலகவில்லை. மன்னித்துவிடு என்று எத்தனையோ தடவை அழுதேன், அசையவில்லை. "இனி ஒன்ன விட்டு ஓட மாட்டேன்" என்றேன், அப்போதுதான் விலகியது.

போன மாதம் நானுஓயாவில் ஒரு கடையில் வேலைக்குக் கூப்பிட்டார்கள். பையெல்லாம் கட்டிவிட்டுக் காம்பராவை விட்டு இறங்கினேன், பஸ்ஸுக்கு நிற்கும்போது இடுப்பு இறுக ஆரம்பித்தது. அன்றைக்கு நான் படங்கே கட்டியிருக்கவில்லை. திரும்பி வந்துவிட்டேன், இன்றைக்கும் அதே மலையில்தான் கொழுந்து எடுக்கிறேன்.