கறுப்பு பூசிய மூன்று பக்கங்கள்

எட்டு வருஷம் ஒரே மனிதரின் பின்னால் நடந்திருக்கிறேன். போலீஸில், ஸ்பெஷல் பிராஞ்சில் எனக்குக் கொடுத்த வேலை அது. அவர் மில் தொழிலாளர் சங்கத் தலைவர். எங்கே போகிறார், யாரைப் பார்க்கிறார் என்று மப்டியில் பின்தொடர்ந்து தினமும் எழுதிக் கொடுக்க வேண்டும்.

இரண்டாவது மாதமே என்னைக் கண்டுபிடித்துவிட்டார். டீக்கடையில் சட்டென்று திரும்பி, "ஏட்டய்யா, ரெண்டு டீ சொல்லிட்டேன், வாங்க" என்றார். அதற்கப்புறம் அவரே முன்கூட்டிச் சொல்லிவிடுவார். "நாளைக்குத் திருப்பரங்குன்றம் போறேன். பஸ்ஸு கூட்டமா இருக்கும், வெள்ளனா வந்துருங்க." மேடையில் வேகமாகப் பேசிக்கொண்டே வந்தவர் நடுவில் நிறுத்தி, "ஏட்டய்யா எழுதிட்டாரா?" என்று கேட்பார். கூட்டம் அம்புட்டும் திரும்பிப் பார்த்துச் சிரிக்கும். நானும் சிரித்துவிடுவேன். லீவு நாளில்கூட இன்றைக்கு எங்கே பேசுவார் என்று மனசு தேடும். உத்தியோகத்தில் நான் சந்தோஷமாக இருந்த காலம் அதுதான்.

போன வருஷம் அவர் இறந்துபோனார். சில மாதம் கழித்துப் பழைய ஆபீஸிலிருந்து போன். யாரோ ஓர் ஆராய்ச்சி மாணவர் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் அவருடைய ஃபைலைக் கேட்டிருக்கிறாராம். அதில் வருகிறவர்கள் யார் யாரென்று சொல்ல ஆள் வேண்டுமாம். ஒத்தக்கடையிலிருந்து பஸ் ஏறிப் போனேன்.

அதிகாரி என் மகள் வயதுப் பெண். பக்கம் பக்கமாகப் புரட்டினோம். கூட்டம், ஊர்வலம், மில் வாசலில் கோஷம். படிக்கப் படிக்க அவர் குரல் காதில் கேட்டது. அப்புறம் அந்த மூன்று பக்கம் வந்தது. பிள்ளை பிறந்து இறந்த பிறகு அவர் மனைவிக்கு மனசு சரியில்லாமல் போனது. மாதாமாதம் டாக்டரிடம் கூட்டிப்போனார். அங்கேயும் பின்னால் போய், வராந்தாவில் நின்று காதில் விழுந்ததையெல்லாம் எழுதியிருந்தேன். மாத்திரையின் பெயர் முதற்கொண்டு.

"இறந்தவரைப் பத்தினதுதானே, குடுத்துரலாம்னு மேல சொல்றாங்க சார்."

"அவர்தாம்மா இறந்துட்டாரு. அந்தம்மா இருக்காங்க."

அதிகாரி யோசித்தார். "அப்ப அவங்க சம்மதம் கேட்டு லெட்டர் போடணும். நாளைக்குத்தான் அனுப்புவேன்."

லெட்டர் போவதற்குள் நானே போய்ச் சொல்லட்டும் என்கிறார் என்று புரிந்துகொண்டேன். நேராக விளாங்குடியில் அவர் வீட்டுக்குப் போனேன்.

கதவைத் திறந்த அந்தம்மா என்னைப் பார்த்ததுமே, "மழையில நனைஞ்சுக்கிட்டே எழுதுவீங்களே, அந்த ஏட்டய்யாதானே?" என்றார். உட்கார்ந்து, மாணவர் ஃபைலைக் கேட்டிருப்பதையும், டாக்டர் வராந்தாவில் நின்று நான் எழுதியதையும் சொன்னேன்.

"நான் டாக்டர்கிட்ட உள்ள இருக்கும்போது அவரு வெளிய என்ன செஞ்சாரு? அதையும் எழுதியிருக்கீங்களா?"

எழுதியிருந்தேன். அதை அப்படியே சொன்னேன்: 'யாரையும் சந்திக்கவில்லை. படிக்கட்டில் உட்கார்ந்து அழுதார்.'

"என்கிட்ட ஒருநாளும் காட்டுனதில்லையே" என்றார். "வரும்போது பஸ்ஸுல சிரிச்சுக்கிட்டேதான் வருவாரு." முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அவரு பேசுனது, போராடுனது எல்லாம் ஊருக்குச் சொந்தம். குடுத்துருங்க. இந்த மூணு பக்கம் எங்க ரெண்டு பேருக்கு."

"மன்னிச்சுக்கங்கம்மா."

"தப்புன்னு இம்புட்டு வருஷமா தோணலையா ஏட்டய்யா?"

அந்த ரிப்போர்ட்டுக்கு இன்ஸ்பெக்டர் என்னைப் பாராட்டியது ஞாபகம் வந்தது. அதை அவரிடம் சொல்லவில்லை.

அந்தம்மா எழுதிக் கொடுத்த பதிலை வைத்து, அதிகாரி அந்த மூன்று பக்கங்களுக்கும் கறுப்பு பூசி மாணவருக்கு ஃபைலை அனுப்பினார். பூசாத பிரதி ஒன்றை அந்தம்மா கேட்டு வாங்கிக்கொண்டார்.

ஒரு வாரம் கழித்து எனக்குப் போன் செய்தார். "படிச்சுட்டேன்" என்றார். "அவரு நினைவுநாளுக்குக் கூட்டம் போடுறாங்க. வாங்க" என்றார்.

போனேன். அந்தம்மா தனக்குப் பக்கத்து நாற்காலியில் என்னை உட்காரச் சொன்னார்.