யாரும் காணாத கணி

என் கையெழுத்து கோழி கிளறியதுபோல இருக்கும். அஞ்சாம் வகுப்போடு நின்றவன், பிழைகளும் நிறைய இருக்கும். பொறுத்துக்கொள்ளவேண்டும்.

எங்கள் பக்கத்தில் கணி என்று ஒரு சொல் உண்டு. காலையில் கண் திறந்ததும் முதலில் படுவது எதுவோ அதுதான் கணி. சித்திரை ஒன்றாம் தேதி உருளி என்கிற வெண்கலப் பாத்திரத்தில் வெள்ளரிக்காய், தேங்காய், கொன்றைப்பூ, கண்ணாடி எல்லாம் வைத்து, வீட்டில் ஒவ்வொருவரையும் கண்ணைப் பொத்திக் கூட்டிவந்து காட்டுவார்கள். மலையாளத்திலிருந்து வந்த சொல் என்கிறார்கள். கல்லூரியில் படிக்கும் என் மகள், பழைய தமிழில் நாள் பார்த்துச் சொல்கிறவனுக்குக் கணி என்று பெயர், அதிலிருந்து வந்திருக்கும் என்றாள். எது சரியோ, எனக்குத் தெரியாது. அந்தச் சொல் என்னை என்ன செய்தது என்று மட்டும் தெரியும்.

எனக்குப் பதினெட்டு வயதில் அண்ணன் கல்ஃபுக்குப் புறப்பட்டான். விடியற்காலையில் கதவைத் திறந்தவன் முன்னால் நான் பல் தேய்த்துக்கொண்டு நின்றேன். விசா சரியில்லை என்று நாலாம் நாள் திரும்பி வந்துவிட்டான். அடுத்த முறை அவன் கிளம்பியபோது அம்மா என்னிடம், "ஏலே மக்கா, நீ மாட்டுத்தொழுவத்துப் பக்கம் போய் நில்லு. அண்ணன் எறங்கட்டு" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அண்ணன் அந்த முறை போனான், நன்றாகவும் இருந்தான். அதோடு என் முகம் கணிக்கு ஆகாது என்று எல்லாருக்கும் உறுதியாகிவிட்டது. எனக்கும்தான்.

அதனால்தான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டும் வேலைக்குப் போனேன். மூன்று மணிக்கே தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு இறங்கிவிடலாம். யாரும் என்னைப் பார்த்து எழவேண்டியதில்லை. கல்யாணம் ஆன பிறகும் அப்படியே போய்க்கொண்டிருந்தேன்.

போன மார்கழியில் என் மனைவிக்கு வயிற்றில் கட்டி என்று நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். மறுநாள் காலை ஆபரேஷன். ராத்திரி மகள் அவளோடு வார்டில் இருந்தாள், நான் வராந்தாவில் படுத்தேன். நாலரை மணிக்கு எழுந்து ரோட்டுக்குப் போய்விட்டேன். டீக்கடையில் மூன்று டீ குடித்தேன். மகள் இரண்டு முறை போனில் கூப்பிட்டாள். வருகிறேன், வருகிறேன் என்று சொல்லிக்கொண்டே பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். மனைவியை உள்ளே கொண்டுபோய்விட்டார்கள் என்று தெரிந்த பிறகுதான் போனேன்.

ஆபரேஷன் முடிந்தது. மூன்றாம் நாள் அவள் கஞ்சி குடித்துக்கொண்டிருந்தபோது, அன்றைக்கு எங்கே போனீர்கள் என்று கேட்டாள். சொன்னேன். கரண்டியைக் கீழே வைத்தாள்.

"நான் அஞ்சு மணிக்கே முழிச்சாச்சு. நீங்க வரட்டும்னு கண்ணைத் தொறக்காமக் கெடந்தேன். நர்ஸ் வந்து தட்டினா, அப்பவும் தொறக்கல்ல."

நான் கரண்டியை எடுத்து நீட்டினேன், அவள் வாங்கவில்லை.

"இருவத்திரெண்டு வருசமா எந்திரிச்சா காலிப் பாயைத்தான் பாக்கேன். அதுதான் நமக்கு நல்ல கணியா?"



இப்போது ஆறு மணிக்குத்தான் தோட்டத்துக்குப் போகிறேன். வெயில் ஏறினால் பால் குறையும், முதலாளி முறைக்கிறார். அவள் கண் திறக்கும்வரை கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். முதல் சில நாள் தலையைக் குனிந்துகொண்டேன், அவள் என் தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். ஆனால் தையல் போட்ட இடம் இன்னும் ஆறவில்லை. கட்டு மாற்றும்போது டாக்டர் நெற்றியைச் சுருக்கினால், அன்று காலை அவள் பார்த்தது என்னைத்தானே என்று நெஞ்சுக்குள் வந்துவிடுகிறது. மகளிடம் சொன்னால் திட்டுவாள். மனைவியிடம் சொல்ல முடியாது. நாளைக்கு மறுபடியும் ஸ்கேன் எடுக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். ஏழு மணி பஸ்ஸுக்குப் போகவேண்டும். அவள் எழும்போது நான் அங்கேதான் இருப்பேன். பயமாக இருக்கிறது, ஆனாலும் இருப்பேன்.

மாசி இருபத்தொன்று, புதன்கிழமை.