தானாக நிற்கும் கார்

முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டினேன். ஒரு ஆட்டுக்குட்டி மேல்கூட என் சக்கரம் ஏறியது கிடையாது. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று எழுதினால் பொய்யாகிவிடும்; பெருமைக்காகத்தான் சொல்கிறேன். கூட வேலை பார்த்தவர்களில் மாடி வீடு கட்டியவன் உண்டு, சங்கத்தில் தலைவரானவன் உண்டு. சங்கரன்கோவிலில் எனக்கென்று இருந்தது, ஆள் மேல் வண்டி விடாதவன் என்ற பேர் மட்டும்தான்.

நான் ஓய்வு பெற்ற மறுவருஷம், பெங்களூரில் வேலை பார்க்கும் என் மகன் ஒரு புதுக் காரைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தினான். முன்கண்ணாடிக்கு மேலே கேமரா, மூக்குக்குள் ரேடார்.

“யப்பா, முன்னால எதாவது வந்தா இதுவே பிரேக் போட்டுரும். கோட்டத் தாண்டுனா ஸ்டியரிங்கப் பிடிச்சு இழுக்கும். உங்களுக்கு இனிமே கவலையே இல்ல” என்றான்.

“நம்ம ரோட்டுல கோடு எங்கலே இருக்கு?” என்றேன்.

அவன் சிரித்தான். எனக்குச் சிரிப்பு வரவில்லை. எனக்கு மேல்பார்வைக்கு ஆள் போட்டிருக்கிறான் என்று அப்போதே தெரிந்துவிட்டது. வண்டி எங்கே பிரேக் போட்டது, நான் எங்கே வேகமாய்ப் போனேன் என்பதெல்லாம் அவனுடைய போனுக்குப் போய்விடும். ஞாயிற்றுக்கிழமைதோறும் போனில் எனக்குப் பாடம் நடக்கும். பெற்ற பிள்ளை கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல முடியுமா? வாயை மூடிக்கொண்டு ஓட்டினேன்.

பஸ் ஸ்டாண்டு பக்கம் ஷேர் ஆட்டோக்காரன் உரசுகிற மாதிரி வந்து நுழைவான். இங்கே அது தினசரி நடப்பு. அவன் நுழைவான், நான் கொஞ்சம் விடுவேன், இரண்டு பேரும் போய்விடுவோம். இந்தக் கார் அலறிக்கொண்டு நடுரோட்டில் நிற்கும். ஆனால் உடைமரத்துக்குப் பின்னாலிருந்து குறுக்கே பாய்கிற ஆடு அதன் கண்ணில் படாது. அதை நான்தான் பார்க்க வேண்டும். ஒரு ஆடு தாண்டினால் பின்னாலேயே பத்து ஆடு வரும் என்பதும் எனக்குத்தான் தெரியும். தேவையில்லாத இடத்தில் நின்று, தேவைப்பட்ட இடத்தில் சும்மா இருந்த அதைத் துணை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பனவடலிசத்திரம் தாண்டி எனக்கு மூன்று ஏக்கர் புஞ்சை இருக்கிறது. தினமும் காலையில் போய்வருவேன். மாசி பிறந்தால் அந்தப் பக்கத்து ரோடுகளில் பாதி, களமாகிவிடும். பிடுங்கிய உளுந்தஞ்செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள். போகிற வண்டியெல்லாம் அதன்மேல் ஏறிப் போக வேண்டும். ஏறினால்தான் நெற்று உடைந்து உளுந்து உதிரும். ஒதுங்கிப் போகிறவனைத்தான் ஏசுவார்கள். பஸ் ஓட்டிய காலத்தில் நான் தூரத்திலேயே ஒரு ஹாரன் கொடுப்பேன். செடியைப் புரட்டிக்கொண்டிருக்கும் பெண்கள் எழுந்து ஓரம் போவார்கள். மெதுவாக ஏற்றிக்கொண்டு போவேன்.

இந்தக் காருக்கு உளுந்தஞ்செடி சுவராகத் தெரிந்தது. முதல் நாள் அது நின்ற வேகத்தில் பெல்ட் என் நெஞ்சில் அறைந்தது. பக்கத்தில் இருந்த என் மனைவி, “இது என்ன மாடா, செடியக் கண்டா நிக்கிறதுக்கு?” என்று தலையில் அடித்துக்கொண்டாள். பின்னால் வந்த மினிபஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டினார். அவர் எனக்கு நெடுநாள் பழக்கம்.

“என்ன வே, அத்தன வருசம் ஓட்டுன ஆளு, உளுந்துக்குப் பயப்படுதீரு?”

ரோட்டோரத்துப் பெண்கள் சிரித்தார்கள். என் காது சுட்டது. அவர்கள் முன்னால் நான் பஸ் ஓட்டியிருக்கிறேன்.

அந்தப் பிரேக்கை அணைத்துவைக்க வழி இருந்தது. ஆனால் மறுபடி ஸ்டார்ட் செய்தால் அதுவே விழித்துக்கொள்ளும். மகனும் போன் செய்து, “ஏன்பா ஆஃப் பண்ணுனீங்க?” என்று கேட்பான். அப்புறம்தான் ஒன்று கண்டுபிடித்தேன். அது பிரேக் பிடிக்கும்போதே ஆக்ஸிலேட்டரை ஆழமாக மிதித்தால் விட்டுக்கொடுத்துவிடும். என் கால் சொன்னால் அது கேட்கிறது என்பதில் எனக்கு ஒரு அற்பச் சந்தோஷம். பத்து நாளில் அதுவே பழக்கமாகிவிட்டது. புலி வருது, புலி வருது என்று கத்துகிறவன் பேச்சை யார் கேட்பார்கள்? அது அலறினால் என் கால் மிதிக்கும். அது அலறுகிற அலறலில் ஹாரன் கொடுக்கும் பழக்கமும் என்னை விட்டுப் போயிருந்தது. அது போனதைக்கூட நான் கவனிக்கவில்லை.

அன்று காலை முகத்துக்கு நேரே வெயில். நான் மட்டும்தான் காரில் இருந்தேன். பின்னால் அதே மினிபஸ். முன்னால் ரோட்டில் பாதிக்குச் செடி. கார் அலறிப் பிரேக் பிடித்தது. பின்னால் ஹாரன் அடித்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு மிதித்தேன்.

செடி நசுங்குகிற சத்தத்துக்குள் ஒரு பெண்ணின் குரல் கேட்டது.

பரப்பிய செடிக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து சுளகில் உளுந்து புடைத்துக்கொண்டிருந்திருக்கிறாள். தலையில் போட்டிருந்த துண்டும் காய்ந்த செடியும் ஒரே நிறம். கார் அவளைச் சாய்த்துவிட்டது. முன்சக்கரம் அவளுடைய வலது கையில் ஏறி நின்றது. மினிபஸ்ஸில் வந்தவர்கள்தான் இறங்கி ஓடிவந்து தூக்கினார்கள். நான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி இருந்தேன். உயிருக்கு ஒன்றுமில்லை, விரல்கள் இனி மடங்காது என்று திருநெல்வேலி ஆஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள்.

யானைக்கும் அடி சறுக்கும் என்று ஆறுதல் சொல்ல நாலு பேர் வீட்டுக்கு வந்தார்கள். கை போனது யானைக்கா என்று கேட்கத் தோன்றியது.

மகன் மறுநாளே வந்தான். சாப்பிட்டீங்களா என்றுகூடக் கேட்கவில்லை. போனை என் முன்னால் நீட்டினான்.

“வண்டி ஆளப் பாத்துச் சரியாத்தான்பா பிரேக் போட்டிருக்கு. நீங்கதான் ஆக்ஸிலேட்டர முழுசா மிதிச்சிருக்கீங்க.”

இத்தனை நாள் செடிக்கு அலறியதும், அன்று ஆளுக்கு அலறியதும் ஒரே அலறல்தான். எனக்கு எப்படிடா தெரியும் என்று கேட்க வாயெடுத்தேன். உங்களுக்குக் கண் இல்லையா என்று திருப்பிக் கேட்டுவிடுவானோ என்று பயந்து விழுங்கிவிட்டேன். காரை அவனே எடுத்துக்கொண்டு போனான். அவனை எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. அவன் சொன்னது உண்மை என்பதால் பிடிக்கவில்லை.

போலீஸ், வாக்குமூலம் எல்லாம் முடிந்து, அவள் வீடு திரும்பி ஒரு மாதம் கழித்து நானும் என் மனைவியும் பஸ்ஸில் போய்ப் பார்த்தோம். ஏசட்டும், மண்ணை வாரித் தூற்றட்டும் என்றுதான் போனேன். அவள் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

“வாங்க அண்ணாச்சி. பஸ்லயா வந்திய?”

நாற்காலி நுனியில் உட்கார்ந்தேன். பிறகு, “காரு வந்த சத்தம் கேக்கலையாம்மா?” என்றேன்.

“கேட்டுச்சே. திரும்பிப் பாத்தேன், ஒங்க காரு. அது செடியக் கண்டாலே நின்னுட்டுத்தானே போகும், நாங்கதான் தினம் பாக்குதோமே. சொளகுல உளுந்து கெடந்துச்சா, அதான் எந்திரிக்கல.” கொஞ்சம் யோசித்துவிட்டுக் கேட்டாள்: “அன்னைக்கு மட்டும் ஏன் அண்ணாச்சி நிக்கல?”

அவள் முகத்தில் கோபம் இல்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். என் மனைவி தரையைப் பார்த்தாள்.

“பிரேக்குல கோளாறும்மா” என்றேன்.

“அதானே பாத்தேன். மிசின நம்ப முடியுமா? நீங்க ஓட்டிருந்தா இப்பிடி ஆயிருக்குமா?”

உள்ளே போய்ச் செம்பில் தண்ணீர் கொண்டுவந்தாள். வலது கை கட்டோடு வயிற்றை ஒட்டிக் கிடந்தது.

“எடங்கையால தாரேன். தப்பா நெனைக்காதிய.”

வாங்கிக் குடித்தேன்.