ஈரக்கையின் கட்டைவிரல்

ஈரக்கை என்பது பள்ளியில் விழுந்த பட்டப்பெயர். அவள் உள்ளங்கை எந்நேரமும் வியர்க்கும். பரீட்சை எழுதினால் தாளில் மை கரையும். கல்யாணமான புதிதில் கணவன் அவள் கையைப் பிடித்துவிட்டு, தன் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டானாம். அந்த வீட்டில் அவள் நிலைக்கவில்லை. அண்ணன் வீட்டுக்கே திரும்பி வந்துவிட்டாள்.

அண்ணனுக்குச் சட்டையில் படம் போடும் கடை. படத்தை முதலில் பிலிம் என்கிற மெல்லிய பிளாஸ்டிக் தாளில் அச்சடித்து, மை காயும்முன் பசைத்தூள் தூவி, சூட்டில் உருக்குவார்கள். பிறகு துணிமேல் வைத்து அழுத்தினால் படம் துணிக்கு வந்துவிடும். கேட்க எளிது. ஆனால் பிலிம் கொஞ்சம் ஈரம் குடித்திருந்தாலும் போதும், அழுத கண்ணின் மை மாதிரி எழுத்தெல்லாம் கலங்கிவிடும்.

ஈரத்தோடு பிறந்தவளுக்கு அதன் குணம் தெரியாதா! பிலிமைக் காற்றுப் புகாத பையில் கட்டி வைப்பாள். இரண்டு கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாக மாட்டி, ஓரத்தை மட்டும் பிடிப்பாள். ஒரே ஒரு வேலைக்குத்தான் கையுறையைக் கழற்றுவாள். பிலிமின் ஒரு பக்கம்தான் மையைப் பிடிக்கும். ஈர விரலால் மூலையைத் தொட்டால் அந்தப் பக்கம் லேசாக ஒட்டும். மற்றவர்கள் விரலை நாக்கில் நனைத்துக்கொள்வார்கள். அவள் கட்டைவிரலை வைத்தாலே போதும். "இதுதான்" என்பாள். அந்தக் கைக்கு வாழ்க்கையில் கிடைத்த ஒரே மரியாதை, அச்சு இயந்திரத்தின் முன்னால் இருந்த அந்த நாற்காலி.

கோடையில் அண்ணன் தண்ணீர் ஊற்றும் ஏர்கூலர் ஒன்றை வாங்கி வந்தான்.

"அண்ணா, இது தண்ணிக் காத்து. பிலிம் ஊறிடும். வெளிய வை."

"மெஷின்கிட்ட வெந்து சாகுறது யாரு?"

"நான்தான். எனக்கே வேணாங்கிறேன்."

அவன் கேட்கவில்லை. விளையாட்டு அணி ஒன்றின் சட்டைகளில் பெயரெல்லாம் இழுகிப்போயின. சட்டை கொடுத்தவர் வந்து கத்தியபோது அண்ணன் சொன்னான்:

"என்ன சார் பண்றது, கூடப்பொறந்தவளாச்சேன்னு உக்கார வெச்சேன். அவ கை அப்படி."

"கையுறை காஞ்சுதான் இருக்கு. தொட்டுப் பாருங்க சார்" என்று அவள் கையை நீட்டினாள்.

அவர் தன் கைகளைப் பாக்கெட்டுக்குள் விட்டுக்கொண்டார். இதை எழுதும்போதே எனக்கு நெஞ்சு எரிகிறது.

மறுநாள் அந்த நாற்காலியில் அண்ணியின் தம்பி உட்கார்ந்தான். அவள் சட்டை மடிக்கப் போனாள். மை அப்போதும் இழுகியது! அண்ணன் யாரிடமும் எதுவும் சொல்லாமல் கூலரை வாசல் பக்கம் தள்ளிக்கொண்டு போனான். அதோடு கறை நின்றது. வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான்: "கை மாறுச்சு, கறை போச்சு."

அவள் மடித்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஒருநாள் புதுப் பிலிம் வந்தது. அண்ணியின் தம்பி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு விழித்தான். கடையில் ஆட்கள் நின்றிருந்தார்கள்.

"ஏய் ஈரக்கை, இங்க வா. எந்தப் பக்கம்னு தொட்டுச் சொல்லிட்டுப் போ."

அவள் தலை நிமிரவில்லை.

"என் கை பட்டா கறையாயிடுமே அண்ணா. உனக்குத்தான் அவ்வளவு நீள நாக்கு இருக்கே, அதுல நனைச்சுக்கோ."

யாரும் சிரிக்கவில்லை. அண்ணன் சுற்றிலும் பார்த்தான். பிறகு விரலை நாக்கில் வைத்தான்.

நாற்காலி மட்டும் அவளுக்குத் திரும்பக் கிடைக்கவே இல்லை.