யாருக்கு என்ன ஆச்சு?

போனை ஸ்பீக்கரில் போட்டு, காபிக் கோப்பையில் சாய்த்து வைத்துவிட்டு, நான் எழுதிய தலைப்பை அக்கா தன் தங்கைக்கு வாசித்துக் காட்டினார். மறுமுனையில் தையல் மெஷின் கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

"'நிலை சரிபார்ப்பில் சிறு திருத்தம்.' ஏதாவது புரியுதாடி?"

"ஒரு மண்ணும் புரியல. யாருக்கு என்ன ஆச்சு?"

அக்கா என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

மருத்துவமனைகளுக்கு மென்பொருள் செய்யும் அலுவலகம் எங்களுடையது. ஒரு பிழையைத் திருத்தினால், என்ன திருத்தினோம் என்று ஒரு வரியில் தலைப்பும் எழுத வேண்டும். எங்கள் குழுவில் மூத்தவரான அக்கா ஒப்புக்கொண்டால்தான் திருத்தம் உள்ளே போகும். கணினி வாசனையே படாத தங்கைக்குப் புரிந்தால்தான் அக்கா ஒப்புக்கொள்வார். பெரிய மூளைக்காரன் என்று எனக்கு நானே பட்டம் கொடுத்துக்கொண்டவன் நான். பிழையைச் சட்டென்று பிடித்துவிட்டு, அந்த ஒரு வரிக்காகத் திருதிருவென்று முழிப்பவனும் நானேதான்.

அக்காவுக்கு இதில் அவசரமே கிடையாது. பென்சிலைக் கொண்டையில் செருகிக்கொண்டு, மேசை முழுக்கத் தேடிவிட்டு, "யாருடா எடுத்தது?" என்று என்னைத்தான் கேட்பார். அவர் எழுதும் தலைப்போ பளிச்சென்று இருக்கும்: 'இரட்டைக் குழந்தைகளில் ஒன்றுக்கு மட்டும் தடுப்பூசித் தேதி வருவதைத் திருத்து.'

"இது இன்னிக்குப் போகலன்னா, நாளைக்குக் காலைல திரும்பவும் அந்தச் செய்தி போயிடும்க்கா," என்று கெஞ்சினேன்.

"எந்தச் செய்தி? அதத்தான்டா எழுதச் சொல்றேன்."

மானம் போனால் போகட்டும் என்று போனை நோக்கிக் கத்தினேன். "இறந்துபோனவங்க வீட்டுக்கு, 'மாத்திரை போட்டாச்சா'ன்னு செய்தி போகுது. அத நிறுத்தியிருக்கேன்!"

தையல் மெஷின் நின்றது. ஒருவழியாகப் புரியவைத்துவிட்டேன் என்று சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். மடையன்!

"எனக்கும் வருது தம்பி," என்றது போன். "அவர் போன பிறகும் தினமும் காலைல வருது. அவர் பேரைப் போட்டு."

"ஏன்டி என்கிட்ட சொல்லல?" அக்கா போன் பக்கம் குனிந்தார்.

"உங்க ஆபீஸ்லேர்ந்துதான் வருதுன்னு எனக்கென்ன தெரியும்? இப்ப நல்லாப் புரியுது. போடுங்க தம்பி."

உயர்த்திய காலரை மெதுவாக மடித்துவிட்டேன்.

நான் கத்தியதை அக்கா அப்படியே தலைப்பாகத் தட்டினார். பிறகு போனை எடுத்து, ஸ்பீக்கரை அணைத்து, காதோடு அழுத்திக்கொண்டு, இன்னொரு கையால் ஒப்புதல் பொத்தானை அழுத்தினார்.