பெட்டிமேல் ஒரு நிமிடம்

கோவை ஆர்.எஸ்.புரத்தில் என் வீட்டு மாடி அறைதான் எனக்கு ஆபீஸ். முதலாளி ரஷ்யாக்காரர். கல்லூரி விடுதியில் தொடங்கிய மென்பொருள் நிறுவனத்தை நாலைந்து நாடுகளுக்கு வளர்த்தவர். இங்கே ஒரே ஒருமுறை வந்தார். கிளம்பும்போது, கார் வாசலில் நிற்க, தன் பெட்டிமேல் உட்கார்ந்து பேசாமல் இருந்தார்.

"ஏனுங்க தம்பி, ஒடம்புக்கு முடியலீங்களா?" என்று அம்மா சொம்புத் தண்ணீரோடு ஓடிவந்தாள்.

பயணத்துக்கு முன் ஒரு நிமிடம் இப்படி உட்காருவது தங்கள் ஊர் வழக்கம் என்றார் அவர். நான் தமிழில் சொன்னதும் அம்மாவும் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

போன மாதம் அவர் நிறுவனத்தை விற்றுவிட்டார். கடைசி வீடியோ கூட்டத்தில் அதைச் சொல்லி, விடைபெற்று, அப்படியே அசையாமல் உட்கார்ந்திருந்தார்.

"சாருக்கு நெட்டு போயிருச்சாட்ட இருக்குதுங்க" என்றார் கூட வேலை பார்க்கும் உள்ளூர்க்காரர் ஒருவர். ஒவ்வொருவராக வெளியேறினார்கள். எனக்கு எரிச்சலாக வந்தது. இத்தனை வருடம் அவரோடு வேலை பார்த்தும் இவர்களுக்கு இந்த வழக்கம்கூடத் தெரியவில்லை.

திரையில் நாங்கள் இருவர் மட்டும் மிஞ்சினோம். நானும் பேசாமல் உட்கார்ந்தேன். சற்றுநேரத்தில் அவர் எழுந்து, தலையசைத்துவிட்டுப் போனார்.

எனக்கு இந்த மாடி அறையை விட்டால் போக இடமில்லை. உட்கார்ந்தே இருந்தேன்.