பக்கத்து வீட்டு வாய்ப்பாடு

எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருப்பது ஒற்றைச் செங்கல் சுவர். அந்தப் பக்கம் தும்மினால் இந்தப் பக்கம் ஜலதோஷம் பிடிக்கும். அதனால் மூன்று வருஷமாக நானும் அந்த வீட்டுப் பள்ளிக்கூடத்தில்தான் படித்துவருகிறேன்.

நான் ஓர் அச்சகத்துக்குப் பிழை திருத்துகிறவள். வேலையெல்லாம் வீட்டில், சுவரோரம் போட்ட மேசையில். ஒரு கால்புள்ளிகூட என் கண்ணில் மண்ணைத் தூவ முடியாது என்று எனக்கு ஒரு கர்வம் இருந்தது. அது போன கதையும் இதில் இருக்கிறது.

பக்கத்து வீட்டுக்காரிக்கு நாலு பிள்ளைகள். புருஷன் உயரமான கோபுரங்களில் மின்கம்பி இழுக்கிறவர். முன்பெல்லாம் ஆறு மாதத்துக்கு ஓர் ஊர் என்று மூட்டை முடிச்சோடு குடும்பமே அவர் பின்னால் போகும். மூத்த பெண் நாலாவது பள்ளிக்கூடத்தில் வாயை மூடிக்கொண்டாள். வகுப்பில் யார் என்ன கேட்டாலும் பதில் கிடையாது. ஆறேழு மாதம் அப்படியே. "போதும், இனி வீட்டிலேயே படிக்கட்டும்" என்று அம்மாக்காரி இந்த ஊரில் காலை ஊன்றி, மூத்தவளோடு அடுத்த இரண்டையும் கைக்குழந்தையையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். புருஷன் மட்டும் மாதத்துக்கு இரண்டு நாள் வந்துபோகிறார்.

அவள் ஏழாம் வகுப்போடு படிப்பை விட்டவள். "அவளே அரைகுறை, அவ வாத்தியாராம்!" என்று, வந்திருந்த நாத்தனார் யாரிடமோ போனில் பேசியது சுவர் வழியாக எனக்குக் கேட்டது. அவளுக்கும் கேட்டிருக்கும். பதிலுக்கு அவள் பாடப் புத்தகங்களை வாங்கி, முதல் நாளே கடைசியில் இருந்த விடைப் பக்கங்களைக் கிழித்து அலமாரி உச்சியில் போட்டாள். பிள்ளைகள் பார்த்து எழுதிவிடக் கூடாது. தானும் பார்க்கமாட்டாள், ஒவ்வொரு கணக்கையும் தானே போட்டுத்தான் திருத்துவாள். வீம்பு என்றால் அப்படி ஒரு வீம்பு.

பாடம் நடக்கும் விதமும் தனி. அவள் மூத்தவளுக்கு மட்டும்தான் சொல்லிக்கொடுப்பாள். மூத்தவள் தம்பிக்கு. எதற்கெடுத்தாலும் வாதாடுவதால் அவனுக்கு வக்கீல் என்று பெயர். வக்கீல், எட்டு வயது வாலுக்கு. வால் பெண்தான், சேட்டையால் வந்த பெயர். தலைக்கு மேல் வேலை கிடக்கிறவளுக்கு அதைவிட்டால் வழியும் இல்லை. காய் நறுக்கும்போது வாய்ப்பாடு, துணி காயப்போடும்போது எழுத்துக்கூட்டல், பாத்திரம் தேய்க்கும்போது மூத்தவள் பக்கத்தில் நின்று உரக்க வாசிக்க வேண்டும். வீட்டுக்குள் அந்தப் பெண்ணின் குரல் மெல்ல மெல்லத் திரும்பி வந்ததை நான் நாள் கணக்காகக் கேட்டிருக்கிறேன். சத்தியமாகச் சொல்கிறேன், என் சொந்தப் பிள்ளை பேசியதுபோல் சந்தோஷப்பட்டேன். கடைக்குட்டி பொடிக்கு மூன்று வயது. பத்து வரைக்கும் எண்ணத் தெரியாது. ஆனால் கூட்டத்தோடு கோவிந்தா என்று எல்லா வாய்ப்பாட்டுக்கும் பின்பாட்டுப் பாடும்.

வருஷத்துக்கு ஒருமுறை கல்வி அலுவலகத்தில் பரீட்சை. அதில் தேறினால்தான் வீட்டில் படிக்க அனுமதி நீளும். இந்த வருஷம் பொடியைப் பிடித்துக்கொள்ள நானும் போனேன். மூன்று பேரும் ஒரே அறையில் மூன்று மேசையில் எழுதினார்கள். நாங்கள் வெளியே பெஞ்சில் இருந்தோம். ஒரு மணி நேரம் கழித்து அதிகாரி அம்மாள் எங்களை உள்ளே கூப்பிட்டார். முகம் சரியாக இல்லை.

"உட்காருங்க. பாடம், எழுத்து எல்லாம் நல்லாவே இருக்கு. ஆனா இதைப் பாருங்க." மூன்று தாள்களை வரிசையாகப் பரப்பினார். ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு வட்டம். வாலின் தாளில், பெட்டிக்கு ஏழு பென்சில் என்றால் எட்டுப் பெட்டியில் ஐம்பத்து நாலு. வக்கீலின் தாளில், ஏழடிக்கு எட்டடி அறையின் பரப்பு ஐம்பத்து நாலு. மூத்தவளின் தாளில், எழுபத்தெட்டை ஏழால் பெருக்கினால் ஐந்நூற்று நாற்பத்து நாலு.

"மூணு பேருக்கு மூணு தாள். தப்பு மட்டும் ஒண்ணா எப்படி வரும்? பெரியவ சின்னதுங்களுக்கு விடை சொல்லியிருக்கா. சின்னதுங்களை விட்டுடலாம், அவங்களுக்கு அனுமதி தர்றேன். பெரியவ அடுத்த மாசம் பள்ளிக்கூடத்துல சேரணும்."

வக்கீல் எழுந்தான். "நாங்க பேசவே இல்ல!"

"நீ உட்காருப்பா."

மூத்தவள் உதட்டை உள்ளே இழுத்துக் கடித்துக்கொண்டு மேசையையே பார்த்தாள். அந்தப் பழைய முகம். நான் பொடியை மடியில் இறுக்கிக்கொண்டேன்.

பக்கத்து வீட்டுக்காரி தாள்களையே பார்த்தபடி இருந்தாள். அவள் கண்ணுக்குத் தப்பே தெரியவில்லை என்பது எனக்குப் புரியச் சற்று நேரம் ஆயிற்று. ஏனென்றால் எனக்கும் தெரியவில்லை! மூன்று வருஷம் தினம் காதில் விழுந்தது எனக்கும் பழகிப்போயிருந்தது. அவள் மேசைக்கு அடியில் விரலை மடக்கினாள். ஏழு, பதினாலு, இருபத்தொன்று என்று அவள் உதடு அசைந்தது. எட்டாவது விரல் மடங்கியதும் அவள் முகத்தில் ரத்தம் வற்றியது.

அவள் பேசாமல் இருந்திருக்கலாம். இரண்டு பிள்ளைகளாவது தப்பியிருக்கும். தகுதி இல்லாதவள் சொல்லிக்கொடுக்கிறாள் என்று தெரிந்தால் மூன்று பேரின் அனுமதியும் போகும். அதைவிட, நாத்தனார் சொன்னது உண்மை என்று அவள் வாயாலேயே ஆகிவிடும்.

"மேடம், அவ காப்பி அடிக்கல, யாருக்கும் சொல்லவும் இல்ல," என்றாள். "தப்பு என்னுது. நான்தான் அவளுக்குச் சொல்லிக்கொடுத்தேன். அவ தம்பிக்குச் சொன்னா, அவன் தங்கச்சிக்குச் சொன்னான். எனக்கே ஏழாம் வாய்ப்பாடு தப்பாத்தான் தெரியும். இப்பதான் எண்ணிப் பார்த்தேன்."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். நம்பவில்லை. "பிள்ளையைக் காப்பாத்தறதுக்காக எந்தத் தாயும் சொல்றதுதான். சரி, நீங்க என்னன்னுதான் படிச்சீங்க? ஏழெட்டு?"

அவள் வாயைத் திறப்பதற்குள் என் மடியிலிருந்து பதில் வந்தது.

"அம்பத்தி நாலு!" என்றாள் பொடி. சொல்லிவிட்டு, வீட்டில் செய்கிறபடி தனக்குத்தானே கை தட்டிக்கொண்டாள்.

பரீட்சையே எழுதாத மூன்று வயசு யாரைப் பார்த்துக் காப்பி அடிக்கும்? அதிகாரிக்கு முதலில் தோள் குலுங்கியது, அப்புறம் வாய்விட்டே சிரித்தார். "தாயைப் போல பிள்ளை, நூலைப் போல சேலைன்னு சும்மாவா சொன்னாங்க!" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். பக்கத்து வீட்டுக்காரி சிரிக்கவில்லை. அழுதாள், மறைக்காமல்.

மூன்று பேருக்கும் அனுமதி நீண்டது. கூடவே ஒரு நிபந்தனை. "அடுத்த வருஷம் நாலு மேசை போடச் சொல்றேன். நீங்களும் வந்து எழுதுங்க," என்றார் அதிகாரி.

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூல் போடும் சத்தம் கேட்டது. விடைப் பக்கங்கள் கீழே இறங்கின. மறுநாள் காலை நான் மேசையில் உட்கார்ந்தபோது அந்தப் பக்கம் காய் நறுக்கும் சத்தமும் ஏழாம் வாய்ப்பாடும் சேர்ந்து வந்தன. ஏழெட்டு வந்ததும் பெரிய பிள்ளைகள் மூன்று பேரின் குரலும் ஐம்பத்தாறு என்றது, அம்மாவின் குரல் அங்கே இறங்கிப்போனது. பொடி மட்டும் கொள்கை மாறாமல் ஐம்பத்து நாலு. நானும் இந்தப் பக்கம் வாய்க்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டேன்.

அப்புறம் மூத்தவளின் குரல் கேட்டது. ஏழெட்டு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி, கண்டிப்பான வாத்தியார் குரல்.

"எல்லாரும் நிறுத்துங்க. அம்மா, நீ மட்டும் தனியாச் சொல்லு. பயப்படாம, சத்தமாச் சொல்லு."